லயத்துக் கானும் ஆக்ரா ஓயாவும்: தோட்டப்புறக் கழிவுநீரின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று வாயில்களினூடாகவே அதனுள் நுழைந்துள்ளனர். அவர்கள் வந்த வழி, பெற்ற கூலி, இழந்த குடியுரிமை என்பனவே அம்மூன்றுமாம். இவை பற்றி நூல்களும் ஆய்வுகளும் பல வெளிவந்துள்ளன. ஆயின், லயத்தின் பின்புறமாகத் திறக்கும் நான்காவது வாயில் ஒன்றும் உண்டு. மக்கள் குளித்து, துவைத்து, சமைத்து, கழித்து வெளிவிடும் நீர் எங்கே செல்கின்றது? அதனை ஏற்று அகற்றும் பொறுப்பு யாருடையது? நாகரிகமற்ற வினாக்கள் என இவற்றைச் சிலர் ஒதுக்கக்கூடும். எனினும், ஒரு சமூகம் தன் உறுப்பினரை எவ்வாறு மதித்தது என்பதை அதன் மண்டபங்களைவிடக் கான்களே தெளிவாகக் காட்டும் என்பது எமது துணிபு.

இவ்வாய்வுக்கு டயகமப் பிரதேசத்தை மையமாகக் கொள்கின்றோம். ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தில், அக்கரப்பத்தனைக்கும் அப்பால், வீதி ஏறத்தாழ முடிவடையும் இடத்தில் டயகமத் தோட்டங்கள் அமைந்துள்ளன. சமவெளியின் சரிவுகளில் ஊற்றெடுக்கும் ஆக்ரா ஓயா இப்பகுதியினூடாகவே இறங்குகின்றது. அது கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையை அடைந்து, பின்னர் மகாவலியோடு கலந்து, எமது பேராதனை வளாகத்தைத் தழுவிச் செல்கின்றது. ஆகவே டயகமையில் ஒரு தாய் பாத்திரம் கழுவி ஊற்றும் நீருக்கும் இவ்வளாகத்து மாணவன் அருந்தும் நீருக்கும் இடையில் ஆற்றுவழியாக ஓர் உறவு உண்டு. மேற்குறித்த வினாவை வேறெவருடையதோ எனக் கருதி ஒதுங்கியிருக்க இவ்வுறவு எம்மை விடுவதில்லை.

இரு வகைக் கான்கள்

தோட்டப்புறத் தமிழில் ‘கான்’ என்னும் சொல் நாள்தோறும் வழங்குவது. தேயிலை நிரைகளுக்கிடையே மலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நீர்க்காலையும் அச்சொல் குறிக்கும். லயத்து வாசலை ஒட்டி ஓடும் வடிகாலையும் அதுவே குறிக்கும். பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டும் பெற்ற கவனம் ஒன்றன்று.

மத்திய மலைநாட்டின் காடுகள் 1830களிலிருந்து கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக அழிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தவே, அதே நிலத்திலும் அதற்கு மேலுள்ள குளிர்ந்த உயர்நிலங்களிலும் தேயிலை பரவியது. காடு நீங்கிய செங்குத்தான சரிவில் பருவமழை பொழியும்போது மேல்மண் அடித்துச் செல்லப்படும் என்பதைத் துரைமார் விரைவில் உணர்ந்தனர். மண் போயின் செடி போகும். செடி போயின் முதல் போகும். எனவே கான் வெட்டுதல் தோட்டத்தின் முக்கியமான வேலைகளுள் ஒன்றாயிற்று. சரிவின் அளவு, கானின் ஆழம், கான்களுக்கிடையேயான தூரம், மண் தங்குவதற்கான குழிகள் என்பன அளந்து வகுக்கப்பட்டன. கான் வெட்டுவோருக்குக் கொந்தரப்பு முறையில் கூலி வழங்கப்பட்டது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதனை மேற்பார்வை செய்தனர். மலைச்சரிவில் நீரை நெறிப்படுத்தும் அறிவு தோட்டங்களில் இல்லாதிருந்தது என்று எவரும் கூறுதற்கில்லை. அவ்வறிவு தேயிலைச் செடிக்குரியதாக வளர்க்கப்பட்டது.

லயத்தின் நிலையோ வேறு. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவினவான காம்பிராக்கள் ஒரே கூரையின் கீழ் நிரையாகவும், சில லயங்களில் முதுகோடு முதுகாக இரு நிரைகளாகவும் அமைக்கப்பட்டன. தேயிலைக்கு உதவாத நிலத்துண்டிலோ, நீரோடைக்கு அண்மையிலோ அவை எழுந்தன. மழைநீர் சுவரை அரிக்காதவாறு வாசலோரம் ஒரு கான் வெட்டப்பட்டது. காம்பிராவின் கழிவுநீரும் அக்கானிலேயே விழுந்தது. அது லயத்தின் கோடியில் முடிந்து, தேயிலைக்குள்ளோ ஓடைக்குள்ளோ இறங்கியது. அதற்கப்பால் அந்நீரின் வரலாற்றை எவரும் கேட்கவில்லை.

தோட்டப்புற மக்கள் இந்நிலையில் வாளாவிருந்தனர் என்பதில்லை. மலையூற்றை மூங்கிலாலோ தகரத்தாலோ வழிப்படுத்தி அமைத்த பீலிகளுள், மேலுள்ளது குடிநீருக்கு, கீழுள்ளது குளிப்பதற்கும் துவைப்பதற்கும் என அவர்களே வகுத்துக்கொண்டனர். எம் பாட்டிமார் இதனை ஒரு சட்டம் போலப் பேணினர். ஆயினும் மலைச்சரிவில் ஒரு லயத்திற்கு மேல் இன்னொரு லயம் உண்டு. மேல்லயத்தின் கடைசிக் கானே கீழ்லயத்தின் முதற்பீலிக்கு நீர் வரும் வழியில் இறங்குமாயின், கீழுள்ளோரின் ஒழுங்கு என்ன பயன் தரும்? இதனை எழுதுபவன் அத்தகைய கீழ்லயமொன்றிற் பிறந்தவன். மழைக்காலத்தில் பீலிநீர் நிறம் மாறும்போது பெரியோர் மேலே அண்ணாந்து பார்ப்பதை இளமையிற் கண்டதுண்டு. கோபித்துக்கொள்வதற்கு அங்கே எவரும் இல்லை. மேல்லயத்தவரும் எம்மைப் போன்றோரே.

அக்காலத்து உலகில் இவ்வறிவு எந்நிலையில் இருந்தது என்பதையும் நோக்குதல் தகும். 1842ஆம் ஆண்டில் எட்வின் சாட்விக் பிரித்தானியத் தொழிலாளரின் சுகாதார நிலை குறித்துப் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். 1854இல் லண்டனில் வாந்திபேதி பரவியபோது, குறித்த ஒரு தண்ணீர்க் குழாயே அதன் மூலம் என ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் நிறுவினார். 1858ஆம் ஆண்டின் கோடையில் தேம்ஸ் ஆற்றின் துர்நாற்றம் பாராளுமன்றத்தின் சாளரங்களையே எட்டியபோது, ஜோசப் பஸால்ஜெற் என்னும் பொறியியலாளர் வகுத்த பெருங்கழிவுக் கான்களுக்கு அனுமதியும் நிதியும் விரைந்து கிடைத்தன. இலங்கை மலைகளில் லயங்கள் பெருகியதும் இதே தசாப்தங்களிலேயாம். தலைநகரில் அறியப்பட்ட உண்மை தோட்டத்தை அடையாதிருந்தமைக்குத் தூரம் மட்டும் காரணமன்று. தேம்ஸின் நாற்றம் சட்டமியற்றுவோரின் மூக்கை எட்டியது. ஆக்ரா ஓயாவின் கரையில் சட்டமியற்றுவோர் எவரும் வசிக்கவில்லை.

சட்டமும் சோகையும்

அரசாங்கம் முற்றாகக் கண்மூடியிருந்தது எனக் கூறுதலும் பொருந்தாது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து வந்தோரிடையே வாந்திபேதியும் பிற நோய்களும் விளைத்த மரணங்கள் அரசைக் கலங்கச் செய்தன. 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1912ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத் துரையின் கடமை என விதித்தது. இதுவே எமது ஆய்வுப் பொருளில் ஒரு திருப்பமாகும். முதன்முறையாகக் கழிவு சட்டத்தின் கண்ணிற்பட்டது. ஆனால் அதே வேளையில் அது தோட்டத்தின் உள்விவகாரமாகவும் வரையறுக்கப்பட்டது. கிராமத்தில் அரசு பார்க்கவேண்டியதைத் தோட்டத்தில் துரை பார்த்துக்கொள்வார் என்னும் ஏற்பாட்டின் விளைவுகளைப் பின்னர் நோக்குவோம்.

இச்சட்டத்தின் வலிமை விரைவிலேயே ஒரு சிறு புழுவினாற் சோதிக்கப்பட்டது. கொழுக்கிப்புழு மனிதனின் சிறுகுடலைப் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழ்வது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணிற் பொரிக்கின்றன. இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றது. தோலினூடாக அது நுழையும் என்பதை கெய்ரோவிற் பணியாற்றிய ஆதர் லூஸ் என்னும் ஜேர்மன் அறிஞர் 1898ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். தம் கையிற் சிந்திய புழுநீரே அவருக்கு அவ்வுண்மையை உணர்த்தியதாம். நோயுற்றவர் வெளிறி, மூச்சிரைத்து, வேலைக்கு இயலாதவராவர். பெரட்டுக்களத்தில் இவர்களைச் சோம்பேறிகள் எனப் பதிந்தமை எத்துணை கொடிது! குருதி வற்றிய உடலுக்குச் சோம்பல் என்னும் பெயர் சூட்டப்பட்டது.

1915ஆம் ஆண்டில் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேச சுகாதாரக் குழுவைச் சேர்ந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. சோதிக்கப்பட்டோரிற் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. தைமோல், கீனோப்போடியத் தைலம் முதலிய மருந்துகள் வழங்கப்பட்டன. 1920களில் காபன் நாற்குளோரைட்டும் பயன்பட்டது. மருந்து புழுவை வெளியேற்றியது. வெளியேறிய புழுவின் முட்டைகளோ அதே மண்ணில் இருந்தன. மருந்துண்டவன் மறுநாட் காலையில் அதே மண்ணில் வெறுங்காலோடு மலையேறினான். மலகூடமின்றி மருந்தினால் நிலைத்த பயன் இல்லை என்பதை இயக்கத்தவர் வற்புறுத்தினர். தோட்ட நிருவாகங்கள் பல செலவைக் கருதித் தயங்கின. நோய் தென்னிந்தியாவிலிருந்தே கொண்டுவரப்படுகின்றது என்பது அவர்களது வாதங்களுள் ஒன்று. அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆயின் கொண்டுவந்த நோய் ஒருவனிடமிருந்து மற்றவனுக்குத் தொற்றியதற்கும், நீங்கியபின் மீண்டும் பற்றியதற்கும் தோட்டத்து மண்ணே சாட்சி.

டயகம போன்ற குளிர் மிகுந்த உயர்நிலங்களில் இப்புழுவின் முட்டைகள் மாத்தளையிற் போல விரைந்து வளர்வதில்லை. இயற்கை தந்த இச்சலுகை நீரினாற் பரவும் நோய்களுக்குப் பொருந்தாது. வயிற்றுளைவும் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் குளிரைப் பொருட்படுத்துவதில்லை. பீலிக்கு மேலே மலகூடக் குழி அமையின் அவை இறங்கி வரும். இறப்போரில் முதல்வர் குழந்தைகளே. பஞ்சம் நிலவிய 1974ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஆயிரம் தோட்டக் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தோர் தொகை நூறைத் தாண்டியது. நாடு முழுவதற்குமான தொகை ஐம்பதளவிலேயே இருந்தது. இம்மரணங்களுக்குப் பசி பெருங்காரணமாயிருந்தது. பசியால் மெலிந்த குழந்தையை வயிற்றோட்டம் எளிதிற் கொண்டுசென்றது.

வாசற்கூட்டியும் ‘பழக்கம்’ என்னும் குற்றச்சாட்டும்

தோட்ட நிருவாகம் தனக்கு விதிக்கப்பட்ட சுகாதாரக் கடமையை எவ்வாறு நிறைவேற்றியது? பெரும்பாலும் வாசற்கூட்டி என்னும் ஒரு தொழிலாளியின் கையில் அதனை ஒப்படைத்தது. லயத்து வாசலைக் கூட்டுதல், கானைத் துப்புரவாக்குதல், மலகூடம் இருப்பின் அதனைக் கழுவுதல் ஆகிய யாவும் அவர் வேலையாயின. இவ்வேலைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டோர் சாதியமைப்பின் கடைநிலையில் வைக்கப்பட்டோரே என்பதை நாம் மறைத்தலாகாது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த சாதியைத் தோட்ட நிருவாகம் களைய முற்படவில்லை. தன் செலவைக் குறைக்க அதனைப் பயன்படுத்திக்கொண்டது. குழாயும் குழியும் செய்யவேண்டிய பணியை ஒரு மனிதன் துடைப்பத்தால் செய்யுமாறு விடப்பட்டான். நாமும் அதனை இயல்பென ஏற்றுக்கொண்டோம். மூலதனத்தைக் குற்றஞ்சாட்டும் எமது கட்டுரைகள், லயத்திற்குள்ளேயே ஒரு காம்பிராவை ஒதுக்கி வைத்த எமது சொந்த மனத்தைப் பற்றிப் பேசத் தயங்குவது நேர்மையாகாது.

மலகூடங்கள் கட்டப்பட்ட இடங்களில் மக்கள் அவற்றைப் பயன்படுத்தவில்லை என்னும் குறை குடியேற்றவாதக் காலத்து எழுத்துகளில் அடிக்கடி காணப்படுகின்றது. தொழிலாளரின் ‘பழக்கமே’ இதற்குக் காரணம் என அவை முடிவு கட்டின. பல குடும்பங்களுக்கு ஒன்றெனக் கட்டப்பட்டு, நீரும் விளக்கும் கதவுத் தாழும் இன்றி, லயத்திற்குத் தொலைவில் இருளில் நின்ற அறைக்கு ஒரு பெண் எவ்வாறு செல்வாள்? விடியுமுன் எழுந்து, சமைத்து, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடும் அவளுக்குத் தேயிலைச் செடியின் மறைவே பாதுகாப்பாயிருந்தது. பிற்காலத்தில் வீட்டுக்கு ஒன்றாக மலகூடம் அமைந்த இடங்களில் அக்குடும்பத்தவரே அதனைக் கழுவிப் பூட்டி வைத்துப் பேணுவதைக் காண்கின்றோம். அதே மக்கள், அதே பழக்கம் எனின் இம்மாற்றம் எவ்வாறு வந்தது? தமக்கென ஒன்று கிடைத்தபோது மனிதர் அதனைப் பேணினர் என்பதே விடை.

எல்லைக்கோட்டின் வரலாறு

1912ஆம் ஆண்டின் ஏற்பாடு தோட்டத்தைச் சுற்றி ஒரு கோட்டினை வரைந்தது என்றோம். அடுத்த நூறாண்டில் நாட்டின் அரசியல் மாறியபோதெல்லாம் அக்கோடு வேறு வேறு சட்டங்களால் மீண்டும் வரையப்பட்டது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் நிறுவப்பட்ட, இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு, நோய்க்கு மருந்தளிப்பதைவிட நோய் வராது காத்தலை முதன்மையாகக் கொண்டது. கிணறு, மலகூடம், மகப்பேற்றுப் பராமரிப்பு ஆகியவற்றை வீடு வீடாகக் கவனிக்கும் இம்முறை கிராமங்களுக்குப் பரவியது. தோட்டமோ துரையின் பொறுப்பிலேயே நின்றது. 1937ஆம் ஆண்டில் கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, லயங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. வீதியையும் கிணற்றையும் கானையும் பற்றி முடிவெடுக்கும் மிகச் சிறிய மன்றத்திலும் அவர்களுக்குக் குரலில்லை என்பது இதன் பொருள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் பாராளுமன்றக் கதவையும் மூடின. இவற்றைப் பற்றி விரிவாக எழுதியோர் பலர். நாம் ஈண்டு ஒன்றை மட்டும் சுட்டுவோம். வாக்கில்லாத இடத்திற்குக் கழிவுக் கான் வருவதில்லை. உள்ளூர் உறுப்பினர் ஒருவர் வாக்குக் கேட்டு வருகையில், உடைந்த கானைக் காட்டுவதற்கும் ஓர் உரிமை வேண்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன் நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீரும்வரை, மூன்று தலைமுறையினர் அவ்வுரிமையை முழுமையாகப் பெறவில்லை.

1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் துரையின் இடத்தைப் பெற்றன. 1980களிலும் 1990களிலும் நெதர்லாந்து, நோர்வே முதலிய நாடுகளின் உதவியோடு மலகூடங்களும் குடிநீர்த் திட்டங்களும் அமைக்கப்பட்டன. இவை பயன் விளைத்தன என்பதை மறுத்தலாகாது. குழந்தை மரணம் குறைந்தமைக்கு இவையும் காரணங்களாம். 1992ஆம் ஆண்டில் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தொழிலாளரின் வீடமைப்பும் நலனும் தனியொரு நிதியத்தின் பொறுப்பாயின. உடைமை மாறியபோதும் கோடு அழியவில்லை.

இவை யாவற்றிலும் வியப்பூட்டுவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமாகும். அதன் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைப் பொது வசதிகளுக்குச் செலவிடத்தக்க குடியிருப்புகள் எவையென வரையறுத்தது. தோட்ட லயங்கள் அவ்வரையறைக்குள் அடங்கவில்லை. மலையக மக்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்யலாம். அவ்வுறுப்பினரோ தமக்கு வாக்களித்த லயத்தின் கானைச் சபைப் பணத்தாற் கட்ட இயலாது. வாக்குரிமை மீண்டும் வந்த பின்னரும் அதன் பயன் தோட்ட வாயிலில் நின்றுவிட்டது. நீண்ட கோரிக்கைகளின் பின்னர் 2018ஆம் ஆண்டிலேயே இச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு, பழைய நுவரெலியாப் பிரதேச சபையிலிருந்து பிரிக்கப்பட்ட அக்கரப்பத்தனைப் பிரதேச சபையும் செயற்படத் தொடங்கியது. டயகம மக்களுக்கு அண்மையிலே ஒரு சபையும், அவர்களுக்காகச் செலவிடும் சட்ட அனுமதியும் ஒருங்கே கிடைத்தன. 1912இலிருந்து எண்ணின் நூற்றாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

வாவிக்கரையில் தேங்கிய உண்மை

ஓடும் நீர் குற்றத்தை எடுத்துச் சென்றுவிடும். தேங்கும் நீர் அதனைக் காட்டிக்கொடுக்கும். மலையகத்தின் இரு நீர்நிலைகள் இதற்கு உதாரணங்களாம்.

நுவரெலியாவிலுள்ள கிறகரி வாவி, தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. வெள்ளையரின் ஓய்வு நகரத்திற்கு அழகு சேர்க்கும் பொருட்டுச் சதுப்பு நிலமொன்று வாவியாயிற்று. 1913ஆம் ஆண்டில் அதன் நீர், நானுஓயாச் செல்லும் வழியிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்தில் மின் உற்பத்திக்கும் திருப்பப்பட்டது. நகரம் வளர வளர விடுதிகளின் கழிவும் கடைகளின் கழிவும், மரக்கறித் தோட்டங்களுக்கு இட்ட உரமும் மண்ணும் மழையோடு வாவியை அடைந்தன. நைதரசனும் பொசுபரசும் மிகுந்த நீரில் பாசியும் நீர்க்களைகளும் செழிக்கும்; அவை அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குறையும். வாவியைத் தூர்வாரவும் அழகுபடுத்தவும் பல தடவைகள் முயற்சிகள் நிகழ்ந்தன. உல்லாசப் பயணிகள் வரும் இடமாதலின் அதன் நாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. ஆகவே அது கவனிக்கப்படுகின்றது.

மற்றையது தலவாக்கலையில் உள்ளது. மேல் கொத்மலைத் திட்டத்தின்கீழ் கொத்மலை ஓயாவை மறித்து 35.5 மீற்றர் உயரமான அணை கட்டப்பட்டது. நீண்டகால எதிர்ப்புகளின் பின்னர் நிறைவேறிய இத்திட்டம், 2012ஆம் ஆண்டிலிருந்து 150 மெகாவாற்று மின்சாரத்தை வழங்க வல்லதாயிற்று. அருவிகளின் அழிவு, மண்சரிவு அபாயம், குடிபெயர்வு ஆகியன பற்றியே அன்று விவாதம் நிகழ்ந்தது. அணை செய்த இன்னொன்று அதிகம் பேசப்படவில்லை. ஆக்ரா ஓயா டயகமையிலிருந்தும் அக்கரப்பத்தனையிலிருந்தும், நானுஓயா கிறகரி வாவியின் பக்கமிருந்தும் கொண்டுவரும் யாவும் தலவாக்கலையில் ஓரிடத்தில் நின்றன. தலவாக்கலை ஆற்றங்கரை நகரமாயிருந்து ஒரு சிறு வாவிக்கரை நகரமாயிற்று. வெள்ளத்தில் அள்ளுண்டு மறைந்த மண்ணும் கழிவும் பொலித்தீனும் இப்போது நகரத்தவர் கண்முன்னே ஒதுங்குகின்றன. நூற்றைம்பது ஆண்டுகளாக லயத்துக் கோடியில் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட கான் உண்மையில் எங்கே முடிகின்றது என்பது இவ்வாறு தெரியவந்தது.

செய்யத்தக்கது யாது?

லண்டனைப் போல ஒரு பெருங்கான் முறையை மலைச்சரிவிற் பரந்து கிடக்கும் லயங்களுக்கு அமைத்தல் எளிதன்று, அது தேவையுமன்று. ஆயினும் வீட்டுக்கு ஒரு குழி என்னும் தற்போதைய வழியும் போதாது. இங்கு மூன்று இயற்கைக் காரணிகளைக் கருதவேண்டும். முதலாவது, சரிவு. குழியிலிருந்து கசிவது கீழ்நோக்கியே செல்லும். ஆகவே மலகூடத்தின் இடத்தைத் தனி வீட்டை வைத்துத் தீர்மானித்தலாகாது, அம்மலையின் ஊற்றுகள் அனைத்தையும் வைத்தே தீர்மானித்தல் வேண்டும். இரண்டாவது, மழை. மாதக்கணக்கில் நனைந்திருக்கும் மண் உறிஞ்சுகுழியின் நீரை ஏற்காது மேலே தள்ளும். மூன்றாவது, குளிர். மலத்தொட்டியிற் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தாழ்நிலத்திற் போல இங்கே விரைந்து தொழிற்படுவதில்லை. எனவே தொட்டி பெரிதாயிருத்தலும் கழிவு அதிற் கூடிய காலம் தங்குதலும் அவசியம்.

இவற்றைக் கருதுமிடத்து, ஒரு லயத்தொகுதிக்குப் பொதுவான மலத்தொட்டி, அதிலிருந்து வெளிவரும் நீரை வடிகட்டும் சரளைக்கற் படுக்கை, அதன்மேல் நாணல் போன்ற நீர்த்தாவரங்கள் என அமையும் முறை பொருத்தமானதாகத் தோன்றுகின்றது. கற்களிற் படியும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கின்றன. தாவரங்கள் போசணைப் பொருள்களின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. சரிவே நீரைச் செலுத்தும். தேயிலைக்குக் கான் வெட்டிய கைகளுக்கு இது புதிய கலையுமன்று. ஆனால் யாரேனும் அதனைப் பராமரித்தல் வேண்டும். தொட்டியிற் சேரும் கசடை உரிய காலத்தில் அகற்றுதல் வேண்டும். அதற்குப் பழைய வாசற்கூட்டியை மீண்டும் அழைத்தலாகாது. பிரதேச சபையின் கீழ், உரிய கருவியும் காப்புடையும் மதிப்பான ஊதியமும் பெறும் ஊழியரே அப்பணியைச் செய்தல் வேண்டும்.

அண்மைக்காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனிவீடுகள் வழங்கப்பட்டு வருகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் நோர்வூட்டிற்கு வந்த இந்தியப் பிரதமரும் மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து வீட்டுக்குச் செல்லுதல் மகிழத்தக்கதே. எனினும் பத்து வீடுகள் ஒரு சரிவில் எழும்போது பத்துக் குழிகளும் எழுகின்றன. அவற்றின் கீழே யாருடைய பீலி உள்ளது என்பதை வரைபடத்திற் குறித்த பின்னரே அத்திவாரம் இடப்படல் வேண்டும். இல்லையேல் லயத்தின் தவறு புதிய கூரையின்கீழ்த் தொடரும்.

சட்டம் இப்போது தடையாயில்லை. இனித் தடையாயிருப்பது பணமும் பழக்கமும் ஆகும். இங்கே பழக்கம் எனக் குறிப்பது தொழிலாளரின் பழக்கத்தையன்று. தோட்டம் என்றதும் அது வேறெவரோ பார்க்கவேண்டியது என ஒதுங்கும் அலுவலகங்களின் பழக்கத்தையும், அவ்வாறே ஒதுங்கும் கற்றோரின் பழக்கத்தையுமாம். எமது பல்கலைக்கழகத்திலே பொறியியற் பீடமும் மருத்துவ பீடமும் கலைப் பீடமும் ஒரே ஆற்றின் கரையில் அமைந்துள்ளன. அவ்வாற்றின் தலைப்பக்கத்தில் ஒரு லயத்துக் கானை அளந்து, அதன் நீரைச் சோதித்து, அங்குள்ள முதியோரின் நினைவுகளைப் பதிந்து, மூன்றையும் ஒருங்கு சேர்த்து அக்கரப்பத்தனைப் பிரதேச சபையிடம் கையளிக்க எமக்கு ஒரு விடுமுறைக் காலமே போதும். அடுத்த மழைக்காலத்தில் பீலிநீர் நிறம் மாறும்போது அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு, முறையிடுவதற்கு ஓர் அலுவலகமும் காட்டுவதற்கு ஒரு வரைபடமும் இருக்குமாயின், இவ்வரலாற்றின் அடுத்த அத்தியாயம் வேறுவிதமாக எழுதப்படும்.